கடன் கொப்பியும் கம்பஸ் புரொஜெக்ட்டும்

கேள்வி: சில்லறைக் கடைகளின் கடன் கணக்கைப் பதிய இறுதியாண்டு புரொஜெக்டாக ஒரு செயலி செய்தோம். மூன்று நண்பர்கள் சேர்ந்து தொழிலாக்க முடியுமா? பல்கலைக்கழகம் உதவுமா?
- மாணவி, வெள்ளவத்தை

பதில்: உதவும், தங்கச்சி. ஆனால் நீங்கள்தான் கதவைத் தட்ட வேண்டும். அரச பல்கலைக்கழகங்களில் யூபிஎல் செல் எனப்படும் வர்த்தக இணைப்புப் பிரிவுகள் இருக்கின்றன. 2017இல் உலக வங்கி நிதியோடு தொடங்கிய 'அஹெட்' உயர்கல்வித் திட்டம் இவற்றுக்குப் பலம் சேர்த்தது. அங்கே முதலில் கேட்க வேண்டியது பணமல்ல. புரொஜெக்டின் உரிமை உங்களுக்கா, பல்கலைக்கழகத்துக்கா என்பதை எழுத்தில் கேளுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பின்னால் தவிக்கிறார்கள்.

வளாகத்துக்கு வெளியே, கொழும்புக் கோட்டையில் புதுத் தொழில்களை வளர்த்துவிடும் ஹட்ச் நிலையம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் அமைப்பு 2012 முதல் நடத்திவரும் 'யாழ் கீக் சலஞ்ச்' போட்டியில் மாணவர்களின் யோசனையை அனுபவசாலிகள் கூடவே இருந்து செப்பனிடுகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் தயங்காமல் பேச அது நல்ல களம்.

அதற்கு முன் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒரு கடையில், கடை பூட்டும் நேரம் போய் நில்லுங்கள். முதலாளி கொப்பியில் ஆளின் பெயரை எழுதுகிறாரா, 'மாடிவீட்டு அக்கா' என்று எழுதுகிறாரா? தமிழிலா, சிங்களத்திலா? பாதி கட்டினால் எப்படி வெட்டுகிறார்? உங்கள் செயலி அந்தப் பழக்கத்துக்கு இசைய வேண்டும்.

கம்பனிப் பதிவு 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, இப்போது இணையத்திலேயே செய்யலாம். ஆனால் மூவரில் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் வெளிநாடு போனால் என்ன என்பதை இன்றே எழுதிக் கையொப்பமிடுங்கள்.