கூச்சத்தை விடுங்க, டாக்டரைப் பாருங்க

குளிக்கும்போது ஆணுறுப்பில் ஏதோ புடைப்பு தெரிகிறது. யாரிடமும் சொல்லக் கூச்சம். கை உடனே போனைத் தேடும். கொஞ்சம் பொறுங்க.

மொட்டின் விளிம்பில் வரிசையாக முத்துப்போல் இருக்கும் சிறு புடைப்புகளும், தோலுக்குள் தெரியும் வெளிர்மஞ்சள் புள்ளிகளும் இயல்பானவை. தொற்றாது, சிகிச்சையும் வேண்டாம். சவரம் செய்த இடத்தில் முடி உள்நோக்கி வளர்ந்தாலும் பரு வரும். இரவில் அரிப்பு கூடினால் சிரங்காக இருக்கலாம். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டியிருக்கும்.

காலிஃபிளவர் போன்ற மரு, எரியும் நீர்க்கொப்புளம், வலியில்லாத புண் வந்தால் தள்ளிப்போடாதீங்க. சிஃபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது; சில வாரங்களில் தானே ஆறும். ‘சரியாயிடுச்சு’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். நோய் உடம்பிலேயே இருக்கும். ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்தால் பென்சிலின் ஊசியால் குணப்படுத்தலாம்.

அதுவரை கிள்ளாதீங்க, கடையில் கேட்டு வாங்கிய களிம்பைத் தடவாதீங்க. தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். உடலுறவைத் தவிருங்கள். தொற்று உறுதியானால் துணைக்கும் பரிசோதனை அவசியம்.

அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை உண்டு. நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். விவரம் ரகசியமாக வைக்கப்படும். நேரில் போகத் தயக்கமா? முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசுங்க.