கமராவுக்கு ஏற்ற சிறு முதுகுப்பை: தேரும் முறை

கமராவை ஆராய்ந்து வாங்குவோர் பலர். அதனைச் சுமக்கும் பையை ஆராய்ந்து வாங்குவோர் சிலர். பைத்தேர்விற் பிழை நேரின் விளைவு யாது? சுமை மிகும், சில நாளிற் பை வீட்டில் தங்கும், அதனோடு கமராவும் அலுமாரியில் உறங்கும். ஆதலின், பயணத்துக்கும் அன்றாடப் பாவனைக்கும் ஒருங்கே உதவும் சிறு முதுகுப்பையைத் தேரும் முறையை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்த நன்னூலார், குன்றக் கூறலையும் மிகைபடக் கூறலையும் முதலிரு குற்றங்களாக வைத்தார். பைக்கும் இவ்விரண்டுமே தலையாய குற்றங்கள். வேண்டியது கொள்ளாத பை குன்றியது. வேண்டாததையும் கொள்ளும் பை மிகைபட்டது. இவற்றுள் மிகையே பெரிதும் ஏமாற்றுவது. இடமிருப்பின் அதனை நிரப்புதல் மனித இயல்பன்றோ?

அளவு

முதலிற் செய்யற்பாலது கடைக்குச் செல்லுதலன்று. சுமக்கப்போகும் பொருள்களை மேசைமீது பரப்பி நிறுத்துப் பார்த்தலாம். இக்காலத்து மிரர்லெஸ் கமராவின் உடல் பெரும்பாலும் 400 முதல் 700 கிராம் வரை நிறையுடையது. கமரா 600 கிராம், சிறு வில்லைகள் இரண்டு 600 கிராம், அரை லீற்றர் நீர் 500 கிராம், வெறும்பை 1 கிலோகிராம் எனக் கொண்டால் மொத்தம் 2.7 கிலோகிராமாகும். 1.4 கிலோகிராம் நிறையுள்ள மடிக்கணினியைச் சேர்ப்பின் 4.1 ஆகும். மாணவர் சுமை உடல்நிறையிற் பத்திலொரு பங்கை மிகாதிருத்தல் நன்றென்பர். 45 கிலோகிராம் நிறையுடைய மாணவனுக்கு அவ்வெல்லை 4.5 கிலோகிராம். தொலைவிலுள்ளதை அணுக்கமாகக் காட்டும் பெருவில்லையொன்று தனியே ஒரு கிலோகிராமுக்கு மேற்படும். அதனைச் சேர்த்த மாத்திரத்தே எல்லை கடந்துவிடும். ஆகவே மடிக்கணினி இன்றேல் 10 முதல் 15 லீற்றர் வரையும், உளதேல் 15 முதல் 20 லீற்றர் வரையும் கொள்ளும் பை பெரும்பாலோர்க்குப் போதியது.

அமைப்பு

பை முதுகின் நீளத்தை மிகாதிருத்தல் வேண்டும். தோட்பட்டி அகன்று மெத்தென்றிருத்தலும், பட்டிகள் தோளினின்று வழுவாதபடி மார்புப்பட்டி ஒன்று இருத்தலும் நன்று. நிறை மிக்க பொருள் முதுகை ஒட்டி இருக்குமாறு அறைகள் அமைதல் வேண்டும். அது முதுகினின்று விலகி இருப்பின், உடலைப் பின்னோக்கி இழுக்கும்.

வாயமைப்பு இருவகை. பக்கவாய் உடையது, பையை ஒருதோளிற் சுழற்றியவாறே கமராவை விரைந்து எடுக்க உதவும். முதுகுப்புறம் திறப்பது, திருவிழாக் கூட்டத்திலும் நெருக்கமான பேருந்திலும் பிறர் கைபடாது காக்கும். இரண்டும் உடைய பை கிடைப்பின் சாலவும் நன்று. உட்பிரிவுகள் கழற்றி மாற்றத்தக்கனவாய் இருத்தல் அன்றாடப் பாவனைக்கு இன்றியமையாதது. அவற்றை நீக்கியவிடத்து அதே பையிற் புத்தகமும் உணவுப்பெட்டியும் செல்லும்.

துணி

நைலோன் துணியின் நூற்பருமனை டெனியர் என்னும் அலகாற் குறிப்பர். 9000 மீற்றர் நூல் எத்தனை கிராம் நிறைகொள்ளுமோ அத்தனை டெனியர் என்க. எண் உயர நூல் தடிக்கும், நிறையும் கூடும். நீரை ஒட்டவிடாத துணி வேறு. நீர் புகாத பை வேறு. தையற்றுளை வழியும் சிப் வழியும் மழைநீர் புகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பெய்யும் நம் வடபுலத்து மாரிக்கு, தனி மழையுறை இன்றியமையாதது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. பையினுள்ளிருக்கும் பஞ்சுமெத்தை ஈரத்தை விடாது பற்றும். காற்றின் சாரீரப்பதன் நெடுநாள் மிகுந்திருப்பின் வில்லையிற் பூஞ்சணம் படரும். ஆதலாற் பை சுமப்பதற்கே, சேமிப்பதற்கன்று. வீடு சேர்ந்ததும் கமராவை வெளியே எடுத்து, சிலிக்கா செல் இட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

வான்பயணம்

கடல்கடந்து வாழும் பழைய மாணவர் நினைவிற் கொள்ளற்பாலது ஒன்றுண்டு. உபரி லிதியம் மின்கலங்களைச் சரக்கறைக்குச் செல்லும் பொதியில் இடுதல் ஆகாது. உடன்கொண்டு செல்லும் பையிலேயே, முனைகளை மூடி வைத்தல் வேண்டும். 100 வாற்றுமணிக்கு மேற்பட்டவற்றுக்கு விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். வோல்ற்றளவை அம்பியர்மணியாற் பெருக்கின் வாற்றுமணி பெறப்படும். 7.2 வோல்ற்று, 2.2 அம்பியர்மணி கொண்ட கமரா மின்கலம் ஏறத்தாழ 16 வாற்றுமணியே. கைப்பையின் அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். முன்னிருக்கையின் கீழ் அடங்கும் பையாயின், அதனைப் பிறர் கையில் ஒப்படைக்க நேராது.

இவை யாவும் பொருந்தினும், வாங்குமுன் நம் பொருள்களையே பையிலிட்டுப் பத்து நிமிடம் நடந்து பார்த்தல் வேண்டும். கமராவை எடுத்து மீண்டும் வைத்தலையும் இருமுறை செய்து பார்த்தல் நன்று.

ஒரு பைக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என வினவுவாரும் உளர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு அகன்றபோது, கையில் எடுக்கக்கூடியவற்றை மட்டுமே எடுத்துச் சென்றனர். சுவரிலும் பெட்டகத்திலும் விட்டுச்சென்ற குடும்பப் படங்கள் பல அழிந்தன. பாட்டன் பாட்டியரின் படமொன்றேனும் இல்லாத வீடுகள் இன்றும் உள. இழந்தவற்றை மீட்டல் அரிது. ஆயினும் இன்று நம்மிடையே வாழும் முதியோரின் முகங்களையும், எஞ்சி நிற்கும் நாற்சார வீடுகளையும் படம்பிடித்து வைத்தல் நம்மால் இயலும். அப்பணிக்கு நாள் குறித்துப் புறப்படுவோர் சிலரே. கமரா நாள்தோறும் உடனிருப்பின், வழிச்செல்லும்போதே அது நடைபெறும். ஆகவே சுமையென்று தோன்றாத பையைத் தேர்க.