நெல்லிக்கனியும் ஓர் எலெக்ட்ரானும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையில் நெல்லி மரத்தடியில் ஆடு மேய்க்கும் ஒரு சிறுவனை எண்ணிக் கொள்ளுங்கள். வைட்டமின் 'சி'யைப் பொறுத்தவரை, அவனை விட அவனுடைய ஆடு பேறு பெற்றது! ஆட்டின் கல்லீரல் குளுக்கோசிலிருந்து அதைத் தானே தயாரித்துக் கொள்கிறது. நம்மால் இயலாது. அதற்கான கடைசி நொதியைத் தரும் மரபணு, பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நம் மூதாதையரிடத்தில் பழுதாகி விட்டது. எவ்விலங்குகள் இதைத் தயாரிக்கின்றன என்று கல்கத்தாவில் விரிவாக ஆராய்ந்த சாட்டர்ஜி, தம் முடிவுகளை 1973-இல் வெளியிட்டார். குரங்கும் கினிப்பன்றியும் நம்மைப் போன்றவையே.

இந்த வைட்டமின் செய்யும் வேலை என்ன? தோல், எலும்பு, இரத்தக் குழாய் ஆகியவற்றைத் தாங்கி நிற்பது கொலாஜன் என்னும் புரதம். அது மூன்று புரிகள் முறுக்கிய கயிறு போன்றது. முறுக்கு நிலைக்க வேண்டுமானால், புரிகளில் உள்ள புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதி சேர வேண்டும். சேராத கொலாஜனின் முறுக்கு சுமார் 24 டிகிரி செல்சியசிலேயே அவிழ்ந்து விடும். நம் உடல் வெப்பமோ 37 டிகிரி!

ஹைட்ராக்சிலைச் சேர்க்கும் நொதியின் நடுவே ஓர் இரும்பு அயனி உண்டு. அது சில சமயம் ஓர் எலெக்ட்ரானை இழந்து முடங்குகிறது. வைட்டமின் 'சி' தன் எலெக்ட்ரானை ஈந்து அதை மீட்கிறது. இந்த உதவி நின்று போனால் ஈறுகளில் இரத்தம் கசியும். ஆறிய புண்ணும் மீண்டும் திறக்கும். இதுவே ஸ்கர்வி நோய்.

இதைச் செல் ஆய்வுக்கூடத்திலும் காணலாம். தோலிலிருந்து எடுத்த செல்களை ஊட்டக் கரைசலில் வளர்க்கும்போது, வைட்டமின் 'சி' இல்லாவிட்டாலும் அவை பிழைத்திருக்கும். ஆனால், அதைச் சேர்த்த பிறகே தம்மைச் சுற்றி உறுதியான கொலாஜன் வலையைப் பின்னுகின்றன. முதிர்ந்த செல்லை மீண்டும் குருத்துச் செல்லாக மாற்றும் முறையை 2006-இல் ஜப்பானியரான யாமனாகா காட்டினார். வைட்டமின் 'சி' சேர்த்தால் அம்மாற்றம் பெருகுவதைச் சீன ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்டனர். டி.என்.ஏ.வின் மீதுள்ள பழைய வேதிக் குறிகளை அகற்றும் நொதிகளிலும் இரும்பு இருக்கிறது. அங்கும் இதே உதவிதான்.

எலெக்ட்ரான் கைமாறுவதை நீங்களே பார்க்கலாம். நீர்த்த சோற்றுக் கஞ்சியில் ஒரு துளி டிங்சர் அயோடினை விடுங்கள். நீல நிறம் தோன்றும். பிறகு நெல்லிச்சாற்றைத் துளித்துளியாகச் சேர்த்து வாருங்கள். நீலம் மறையும்; அயோடின் எலெக்ட்ரானைப் பெற்று அயோடைடாகி விட்டது! (இக்கலவையைக் குடிக்கக் கூடாது.)

நாளொன்றுக்கு வயது வந்த ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வைட்டமின் 'சி' போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை. நூறு கிராம் நெல்லிக்கனியில் அதைப்போல் பல மடங்கு உண்டு. ஆட்டுக்குக் கல்லீரல் தருவதை நமக்கு நெல்லி மரம் தருகிறது.