அடிக்கடி நின்றுவிடும் பழைய கணினி: பழுதறியும் பாடம்



ஓடிக்கொண்டிருக்கும் கணினி திடீரென்று நின்றுவிட்டால், “இதன் ஆயுள் முடிந்தது, புதியது வாங்க வேண்டியதுதான்” என்று நம்மில் பலர் உடனே தீர்மானித்துவிடுகிறோம். தோட்டத்துச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது எளிய காரியமா? ரிங்லெட்டில் ஒரு வீட்டில், எஸ்.பி.எம். பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணின் பாடக்குறிப்புகளெல்லாம் பழைய மேசைக் கணினி ஒன்றில் இருந்தன. இயக்கிய இருபது நிமிஷத்தில் அது எவ்வித அறிவிப்புமின்றி அணைந்துவிடும். கடையில் காட்டியபோது, “மதர்போர்டு போய்விட்டது” என்றார்கள். உண்மை வேறு. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

முதற் கடமை யாதெனில், கணினி ஓடும் சிறிது நேரத்திற்குள் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் பிரதி எடுத்துக்கொள்வது. இயந்திரத்தை விலைக்கு வாங்கலாம். எழுதிவைத்த குறிப்புகளை வாங்க முடியாது.

இரண்டாவது விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், எது பழுது என்பது ஒருபோதும் தெரியாது. செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குங்கள். பெட்டியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்துங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இனி, குறிகளைக் கவனிப்போம்.

1. சூடு. சற்று நேரம் ஓடி அணைந்து, ஆறியபின் மறுபடி ஓடினால் முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். சுமார் 1,200 மீட்டர் உயரத்திலுள்ள நமது ஊரின் குளிரை நம்பி, “இங்கே எப்படிச் சூடேறும்?” என்று எண்ணுவது தவறு. விசிறியும் அதனடியிலுள்ள உலோகத் தகடுகளும் தூசியால் அடைபட்டால், வெளிக்குளிர் உள்ளே பயன்படாது. பல பிராசசர்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேற்போனால் தம்மைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

2. ராம். நீலத்திரை தோன்றி, ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பிழையைக் காட்டினால் ராமைப் பாருங்கள். மூடுபனி ஈரத்தில் அதன் தொடுமுனைகள் மங்கக்கூடும். கழற்றி, மென்மையான ரப்பரால் இலேசாகத் துடைத்து, துகளை நீக்கி மீண்டும் பொருத்துங்கள். மெம்டெஸ்ட்86 என்னும் சோதனையை இரவு முழுதும் ஓடவிடுங்கள். ஒரு பிழை காட்டினாலும் அலட்சியம் கூடாது. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதியுங்கள்.

3. ஹார்ட் டிஸ்க். கோப்பைத் திறக்க வெகு நேரமாகி, உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் தாமதிக்காதீர்கள். எல்லாச் சோதனைகளையும் நிறுத்திப் பிரதி எடுங்கள்.

4. மின்சாரம். பெரிய வேலை கொடுத்த மாத்திரத்தில் அணைந்தால் பவர் சப்ளை தளர்ந்திருக்கலாம். அதன் 12 வோல்ட் வழி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். நல்லதொன்றை இரவல் வாங்கி மாற்றிப் பாருங்கள். இடிமழையின்போது பிளக்கையும் இணையக் கம்பியையும் கழற்றிவிடுவது நலம்.

மதர்போர்டிலுள்ள கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தாலும் கசிந்திருந்தாலும் பழுது அங்கேதான். 2000-களின் முற்பகுதியில் இக்குறை உலகெங்கும் பரவியிருந்தது. 2005-இல் டெல் நிறுவனம் தனது சில ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சீர்செய்ய 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க நேர்ந்தது. பெரிய நிறுவனத்தையே சிறிய உறுப்பு தலைகுனிய வைத்தது! பழைய கணினியில் இப்பழுது கண்டால், செலவைக் கணக்கிட்டு, டிஸ்க்கை வேறு கணினிக்கு மாற்றுவதே புத்திசாலித்தனம்.

அந்தப் பெண்ணின் கணினியில் கண்டது என்ன? விசிறியின் அடியில் கம்பளம்போல் படிந்த தூசி! தூரிகையால் நீக்கி, பிராசசர்மேல் புதிய வெப்பப் பசை தடவினோம். பரீட்சை முடியும்வரை அது ஒரு நாளும் நிற்கவில்லை.

ஆகையால் சகோதரர்களே, குறியை அறியாமல் பையைத் திறக்காதீர்கள். முதலில் பிரதி, பிறகு தூசி, அதன்பிறகே பணம்.