பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருக்கிறாரா?

கை, கால் தேறிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறோம். கவனம், நினைவு, பேச்சு, மனநிலை திரும்ப அதைவிட நாளாகலாம். அந்தத் தடுமாற்றத்தைப் பிடிவாதம் என்று திட்டாதீர்கள்.

1. ரத்தம் போகாத இடத்தில் மூளைச் செல்கள் குளூட்டமேட் என்ற ரசாயனத்தை அளவுமீறிக் கொட்டுகின்றன. அதனால் பக்கத்துச் செல்களுக்குள் கால்சியம் பெருகி அவையும் சாகின்றன. ஆகவே, வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

2. தட்டின் இடப்பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கிறதா? மூளையின் வலப்பாதி அடிபட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் மனதில் படாமல் போகலாம். "பிடிக்கலையா?" என்று கேட்காமல் தட்டைத் திருப்பி வையுங்கள். சட்டையின் இடக்கையை மாட்ட மறப்பதும், கதவில் இடித்துக்கொள்வதும் இதனால்தான். தனியாகச் சாலையைக் கடக்க விடாதீர்கள்; மருத்துவர் சொல்லும்வரை வண்டிச் சாவியையும் கொடுக்காதீர்கள்.

3. பேச்சு போனவரிடம் கத்திப் பேசாதீர்கள், காது கேட்கிறது. டீவியை அணைத்துவிட்டு, காபி டம்ளரையும் மோர் டம்ளரையும் காட்டி எது வேண்டும் என்று கேளுங்கள். வார்த்தை வராத சிலருக்குப் பழகிய பாட்டு வரும். கூடவே பாடுங்கள்.

4. "குளிச்சிட்டு, மாத்திரை போட்டுட்டு, சாப்பிட வாங்க" என்பது மூன்று வேலை. ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.

5. மாத்திரைக்குக் கிழமை எழுதிய டப்பா நல்லது. நிரப்புவது வேறொருவர் பொறுப்பு.

6. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இழப்பின் துயரம் மட்டுமல்ல. செரட்டோனின் போன்ற ரசாயனங்கள் ஓடும் நரம்புப் பாதைகள் பழுதாவதும் காரணமாகலாம். "தைரியமா இருங்க" என்பதோடு விடாமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், சிகிச்சை உண்டு. துக்கமே இல்லாமல் பொலபொலவென்று அழுவதும், அடக்க முடியாமல் சிரிப்பதும் வேறு வகை. உறவினர் முன்னால் அதைப் பெரிதாக்காதீர்கள். அவருக்கே அது கூச்சம். மருத்துவரிடம் அதையும் தனியாகச் சொல்லுங்கள், மருந்து இருக்கிறது.

7. ரத்த அழுத்த மாத்திரையை, நன்றாகத்தானே இருக்கிறார் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டாவது பக்கவாதம் வந்தால் மறதிநோய்க்கான ஆபத்து இன்னும் கூடும்.