கொடுப்பவர் யார்? பெறுபவர் யார்?

ஒத்தக்கடையில் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஓர் அண்ணனையும் தங்கையையும் கற்பனை செய்துகொள்ளுங்கள். தங்கையின் செல்பேசியில் மின்னேற்றம் தீரும் நிலை. அண்ணனுடையதில் நிறைய இருக்கிறது. இரண்டிலும் ஒரே வகையான யு.எஸ்.பி.-சி துளை. இருமுனையும் ஒன்றுபோலிருக்கும் கேபிளால் அவற்றை இணைக்கிறார்கள். சற்று நேரத்தில் தங்கை கூவுகிறாள்: "அண்ணே, என் போனுல்ல உனக்குக் குடுக்குது!"

இது எப்படி நேர்ந்தது? இரண்டு தொட்டிகளைக் குழாயால் இணைத்தால், நீர்மட்டம் உயர்ந்ததிலிருந்து தாழ்ந்ததற்குத்தானே நீர் பாயும்? இங்கே அப்படியன்று. திசையை முடிவு செய்வது வேறொன்று.

பழைய யு.எஸ்.பி. கேபிளில் இரு முனைகளும் வெவ்வேறு வடிவம். தட்டையான முனை கொடுக்கும் பக்கம். மற்றது பெறும் பக்கம். 2014 ஆகஸ்டில் வெளியான சி-வகையில் இரு முனைகளும் ஒன்றே. எனவே அதன் 24 தொடுமுனைகளில் இரண்டை, 'நீ யார்?' என்று கேட்பதற்காகவே ஒதுக்கினார்கள். இவற்றுக்கு சி.சி. முனைகள் என்று பெயர்.

கொடுக்கும் கருவி, தன் சி.சி. முனையை 56,000 ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டுடன் இணைத்திருக்கும். பெறும் கருவியோ 5,100 ஓம் மின்தடை வழியாகப் பூஜ்ய வோல்ட்டுடன் இணைத்திருக்கும். கேபிளைச் செருகியதும் இரு தடைகளும் தொடரிணைப்பாகின்றன. ஓம் விதிப்படி, இடையிலுள்ள மின்னழுத்தம்:

5 × 5,100 ÷ (56,000 + 5,100) = 0.42 வோல்ட்

5 வோல்ட்டாக இருந்தது 0.42 ஆகக் குறைந்ததும், 'பெறுபவர் வந்துவிட்டார்' எனக் கொடுக்கும் கருவி அறிகிறது. அதன் பிறகே மின்சாரக் கம்பியைத் திறக்கிறது. இரண்டு சார்ஜர்களை இணைத்தால் இந்தக் குறைவு ஏற்படாது. எனவே மின்சாரமும் வராது, ஆபத்தும் இல்லை.

செல்பேசியால் கொடுக்கவும் முடியும், பெறவும் முடியும். ஆகவே அது விநாடிக்குப் பத்து முதல் இருபது முறை இரு வேடங்களையும் மாறி மாறிப் போடுகிறது. ஒன்று கொடுப்பவராகவும் மற்றது பெறுபவராகவும் அமையும் கணத்தில் திசை உறுதியாகிவிடும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை! தங்கையின் செல்பேசி கொடுக்க நேர்ந்தது தற்செயலே. பல செல்பேசிகளில் அமைப்புப் பக்கத்தில் இதை மாற்றலாம். அப்போது இரு கருவிகளும் அதே சி.சி. கம்பியில் செய்தி அனுப்பிப் பொறுப்பை மாற்றிக்கொள்கின்றன.

இந்தச் சிறு மின்தடையை மறந்தால் என்ன ஆகும்? சில மலிவான கைவிளக்குகளிலும் மின்விசிறிகளிலும் சி-வகைத் துளை இருக்கும். 5,100 ஓம் தடைகள் இரா. பழைய தட்டை முனைக் கேபிளில் அவை மின்னேற்றம் பெறும்; ஏனெனில் அந்தத் துளையில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும். இருபுறமும் சி-வகையுள்ள கேபிளில் ஏறாது. பழுதாகிவிட்டது என்று பலர் குப்பையில் எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் குறைவது கடுகளவான இரண்டு மின்தடைகளே! எனவே எறியுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் சி-வகைக்கான இந்தியத் தரத்தை வெளியிட்டதாக 2023 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. பல கருவிகளுக்கு ஒரே சார்ஜர் என்பது அதன் நோக்கம். துளையின் வடிவம் பொருந்தினால் மட்டும் போதாது, உள்ளே விதியும் பொருந்த வேண்டும் என்பதை இப்போது அறிந்தீர்கள்.

செய்து பாருங்கள்: 3 ஆம்பியர் தரவல்ல சார்ஜர், 56,000 ஓமுக்குப் பதில் 10,000 ஓம் தடையைக் கொண்டிருக்கலாம். அப்போது சி.சி. கம்பியில் மின்னழுத்தம் எவ்வளவு? அதைக் கண்டு பெறும் கருவி எதை அறிந்துகொள்ளும்?

(விடை: 1.69 வோல்ட், 3 ஆம்பியர் வரை எடுக்கலாம் என்பதை.)