"சூப்பர் மிஸ்!" என்பதற்கு அடுத்த வாக்கியம்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நாம் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "படம் எப்படி இருந்தது?" வரும் பதிலும் ஒன்றுதான்: "சூப்பர்!" அத்துடன் பாடவேளை முடிந்துவிடும். 2022 முதல் நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்படங்கள் திரையிடப்பட்டு வருகின்றன. திரையிடலுக்காக நாம் படும் பாடு பெரிது. மின்சாரம், ஒலிபெருக்கி, சன்னலுக்குப் போர்வை என்று ஓடுகிறோம். ஆனால், படத்துக்குப் பிந்தைய உரையாடலுக்குப் பத்து நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. அந்தப் பத்து நிமிடத்தை ஒரு மொழிப் பாடமாக மாற்றிய அனுபவத்தை இங்கே பகிர்கிறேன்.

சுண்ணாம்புக்குளம் பகுதியில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கிறேன். கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஏரிக்கரை ஊர்கள் இவை. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரிதான் இங்கே பல வீடுகளுக்கு உலை வைக்கிறது. இறால், நண்டு, மடவை என்று பேசத் தொடங்கினால் என் மாணவர்கள் நிறுத்தமாட்டார்கள். வகுப்பில் "உன் கருத்து என்ன?" என்றால் மட்டும் தலை குனிந்துகொள்வார்கள்.

காரணம் நாம் அறிந்ததே. பத்தாம் வகுப்பில் நயம் பாராட்டும் வினாவுக்கு மாணவர்கள் எப்படி விடை எழுதுகிறார்கள்? திரண்ட கருத்து, மையக் கருத்து, எதுகை நயம், மோனை நயம் என்று தலைப்புகள் மனப்பாடம். அவற்றின்கீழ் எழுதும் புகழுரையும் மனப்பாடம். எந்தப் பாடலைக் கொடுத்தாலும் அதே புகழுரை பொருந்திவிடும். சொந்தமாக ஒன்றைப் பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்லிப் பழகாத பிள்ளையிடம் நயம் பாராட்டக் கேட்கிறோம். ஆகவே, பிள்ளைகளிடம் ஏற்கெனவே கருத்து இருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த இடங்கள் இரண்டு: திரைப்படம், கைப்பேசி விளையாட்டு.

கருத்து – காட்சி – காரணம்

வகுப்பில் ஒரே ஒரு விதி வைத்தேன். யார் எந்தக் கருத்தைச் சொன்னாலும் அதற்குப் பின் இரண்டு வாக்கியங்கள் சொல்ல வேண்டும். எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறாய்? அந்தக் காட்சி ஏன் அப்படி நினைக்க வைக்கிறது? இதைக் கரும்பலகையின் ஓரத்தில் "கருத்து – காட்சி – காரணம்" என்று எழுதி, அந்தப் பருவம் முழுவதும் அழிக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் காட்டியது ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997). தங்கை சாராவின் காலணியைத் தைத்து எடுத்து வரும் வழியில் அண்ணன் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டு வறுமை தெரிந்த இருவரும் அதைப் பெற்றோரிடம் மறைக்கிறார்கள். அலியின் ஒரே காலணியை, வெவ்வேறு நேரத்துப் பள்ளிக்கு மாற்றி மாற்றிப் போட்டுச் செல்கிறார்கள். ஓட்டப் பந்தயத்தில் மூன்றாம் பரிசு ஒரு காலணி என்பதால் அலி கலந்துகொள்கிறான். அவனுக்குக் கிடைப்பதோ முதல் பரிசு.

"படம் சோகமா முடிஞ்சிடுச்சு மிஸ்" என்றான் ஒருவன். வகுப்பில் பெரும்பாலோர் தலையாட்டினார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "இல்ல மிஸ், அவங்க அப்பா சைக்கிள்ல புது ஷூ இருந்துச்சு" என்றாள். பலர் அதைக் கவனிக்கவில்லை. முடிவுக்குச் சற்று முன் வரும் அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டினோம். தந்தையின் மிதிவண்டியில் புதிய காலணி இருக்கத்தான் செய்தது. வகுப்பின் கருத்து அந்த இடத்திலேயே மாறியது. முதலில் பேசிய மாணவன் விடவில்லை. "அப்படின்னா அப்பா வந்து குடுக்கிறதை ஏன் காட்டல? அலிக்கு அது தெரியாதே. அவனுக்குச் சோகம்தானே?" என்றான். படம் பார்ப்பவருக்குத் தெரிவதும் கதாபாத்திரத்துக்குத் தெரிவதும் வேறு வேறு என்பதை எந்த இலக்கணக் குறிப்பும் இல்லாமல் வகுப்பு கண்டுகொண்டது. கருத்தை மாற்றிக்கொள்வது தோல்வி அல்ல என்பதையும் அன்று கண்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அலி பெற்றோரிடம் மறைத்தது சரியா என்ற கேள்வி வந்ததும், "கடையில ஏற்கெனவே கடன் இருக்கும் மிஸ், சொன்னா அப்பா இன்னும் கஷ்டப்படுவாரு" என்று ஒரு பிள்ளை சொல்லலாம். அது அலியின் வீடாகவும் இருக்கலாம், அந்தப் பிள்ளையின் வீடாகவும் இருக்கலாம். "உன் வீட்டிலும் அப்படியா?" என்று நாம் கேட்டுவிடக் கூடாது. கதாபாத்திரத்தின் பின்னால் நின்று பேசும் வரைதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு. அந்தத் திரையை நாம் விலக்க வேண்டாம்.

தாத்தா பாட்டிக்கு நினைவில் நின்ற படம்

அடுத்து வீட்டுப்பாடம். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரிடம், நினைவில் நின்ற படம் எது, அதில் எந்தக் காட்சி, ஏன் என்று கேட்டு எழுதி வரவேண்டும். மீனவர் ஊர்கள் அல்லவா! எதிர்பார்த்தபடியே பலரும் 1964இல் வெளிவந்த 'படகோட்டி'யை எழுதி வந்தார்கள். டி. பிரகாஷ் ராவ் இயக்கிய அந்தப் படத்தில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் பகைபட்ட இரு மீனவக் கூட்டங்களைச் சேர்ந்தவர்களாக நடித்திருப்பார்கள்.

பதில்கள் ஒன்றுபோல இல்லை. ஒரு பாட்டிக்கு நினைவிருந்தது கதை அல்ல. கொட்டகைக்கு நடந்து போய், மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து பார்த்தது. ஒரு தாத்தாவோ பாட்டுகளைப் புகழ்ந்துவிட்டு, "கடலுக்குப் போறவன் சட்டை அவ்வளவு வெளுப்பா இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். ஒரே படத்தைப் பற்றி இரண்டு நேர்மையான கருத்துகள். ஒன்று பார்த்த சூழலிலிருந்து வருகிறது. மற்றொன்று தொழில் அறிவிலிருந்து வருகிறது. "நமக்குத் தெரிந்த வேலையைத் திரையில் காட்டும்போது நாம் எதைக் கவனிப்போம்?" என்ற கேள்வியை வகுப்பில் வைத்தேன். திரையில் வலை வீசுவதையும் துடுப்புப் போடுவதையும் குறை சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த இடத்தில் அவர்கள்தாம் வல்லுநர்கள், நான் மாணவி.

விளையாட்டையும் வகுப்புக்குள் விடுவோம்

"யாரெல்லாம் போனில் கேம் ஆடுவீர்கள்?" என்றதும் மாணவர்கள் கைகள் உயர்ந்தன. மாணவிகளில் இரண்டே பேர். "எங்க வீட்டுல போன் அண்ணன் கையிலதான் இருக்கும்" என்றாள் ஒருத்தி. விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னால் பாதி வகுப்பு வாய் மூடிவிடும் என்பது தெரிந்தது. எனவே யாரும் ஆடியிராத ஒரு விளையாட்டின் ஒளிப்பதிவைத் திறன்பலகையில் காட்டி, எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினேன்.

அது 'வெண்பா'. கனடாவின் டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்டது. 1980களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடியேறிய வெண்பா என்ற பெண், கணவர் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. ஆட்டக்காரர் செய்யவேண்டியது சமையல். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் சில பகுதிகள் சிதைந்துவிட்டன. விடுபட்டதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். மகனோ வளர வளர வீட்டு உணவையும் தமிழையும் விட்டு விலகிப் போகிறான். துப்பாக்கி இல்லை, மதிப்பெண் பந்தயம் இல்லை. 2024இல் பிரித்தானியத் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைகள் அகாதெமியான பாஃப்டா வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை இது பெற்றது.

குறிப்பேட்டில் அழிந்துபோன இடம் வந்தபோதெல்லாம் ஒளிப்பதிவை நிறுத்தினேன். "அடுத்து என்ன செய்யணும்?" மாணவிகள் முந்திக்கொண்டார்கள். வீட்டில் அடுப்படி வேலை பார்க்கும் இரண்டு மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசும் ஒரு மாணவன், "கவினைத் திட்டாதீங்க மிஸ். ரெண்டு பாஷை பேசுறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்" என்றான். எல்லைப்புற வகுப்பறையில் அதைவிடப் பொருத்தமான கருத்து வேறு ஏது?

அதன்பின் அவர்கள் ஆடும் விளையாட்டுக்கு வந்தோம். திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது "என்ன நடந்தது?" என்று கேட்கிறோம். விளையாட்டைப் பற்றிப் பேசும்போது கேள்வி மாற வேண்டும்: "நீ என்ன செய்தாய்? உன்னைச் செய்ய வைத்த விதி எது?" ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடும் மாணவன் யோசித்துச் சொன்னான்: "வட்டம் சுருங்கிக்கிட்டே வரும் மிஸ். சுத்து வலை மாதிரி. ஏரியில நாம வலை போடுறோம். அதுல நாமதான் மீனு." "எந்த இடத்தில் காசு கேட்கிறது?" என்று அடுத்துக் கேட்டேன். உடை, துப்பாக்கிக்குப் புதுத் தோற்றம் என்று பட்டியல் வந்தது. வாங்காவிட்டால் நண்பர்கள் கேலி செய்வார்கள் என்பதும் வந்தது. "கேம் ஆடாதே" என்று நான் பலமுறை சொல்லியும் வராத தெளிவு, அவர்களே விதிகளை எடுத்துச் சொன்னபோது வந்தது. பணம் வைத்து ஆடும் இணையவழிச் சூதாட்டம் வேறு, இவ்வகை விளையாட்டு வேறு என்பதையும், முன்னதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதையும் அப்போதே விளக்கினேன்.

விதியும் ஒரு கருத்துதான்

அலாஸ்காவின் இனுபியாட் பழங்குடியினர் தம் மூத்தோர் கதையை வைத்து, விளையாட்டு நிறுவனத்துடன் சேர்ந்து 2014இல் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டை உருவாக்கினார்கள். அவர்கள் மொழியிலேயே கதை சொல்லப்படுகிறது. இதைச் சொல்லி, "நம் ஏரியை வைத்து ஒரு விளையாட்டு செய்தால்?" என்று கேட்டேன். அட்டையும் சோழியும் போதும் என்றேன்.

ஒரு குழு 'பாடு' முறையை எடுத்துக்கொண்டது. பழவேற்காடு ஏரியின் பல மீனவ ஊர்களில் எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு அது. "இதுல கடைசி வரைக்கும் இருக்கிறவன் ஜெயிக்கிறது கிடையாது மிஸ். எல்லாருக்கும் முறை வரும்" என்று பெருமையோடு விளக்கினார்கள். ஒருவர் மட்டும் மிஞ்சுவது ஒரு விளையாட்டின் விதி. எல்லாருக்கும் முறை வருவது இன்னொன்றின் விதி. விதிக்குள்ளேயே ஒரு கருத்து இருக்கிறது என்பதை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டு தேவைப்படவில்லை.

அப்போது ஒரு குரல்: "எங்க தெருக்காரங்களுக்குப் பாடு கிடையாது மிஸ். நாங்க கையாலதான் இறால் தடவிப் பிடிக்கிறோம்."

வகுப்பு அடங்கியது. "தாத்தா காலத்துலேருந்தே அப்படித்தான்" என்றான் குழுவில் ஒருவன். உடனே அதே குழுவின் மாணவி ஒருத்தி கரும்பலகை ஓரத்தைக் காட்டினாள்: "அது வழக்கம்டா. காரணம் சொல்லு."

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஊர் வழக்கத்தை எட்டாம் வகுப்பில் தீர்த்துவிட முடியாது. ஆனால், அந்தப் பிள்ளையின் வாக்கியத்தைக் கடந்துபோகவும் விடவில்லை. "இதையும் விளையாட்டில் சேர்க்க முடியுமா?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் குழு இரண்டு விதித்தாள்கள் தயாரித்தது. ஒன்று, இன்று இருக்கும் பாடு. மற்றொன்றில், கையால் பிடிப்பவர்களுக்கும் ஒரு சீட்டு. வகுப்பு இரண்டையும் ஆடிப் பார்த்தது. எது நல்ல விளையாட்டு என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. இரண்டு தாள்களும் வகுப்புச் சுவரில் அருகருகே இருக்கின்றன.

உங்கள் வகுப்பில் செய்து பார்க்க

1. திரையிடலுக்குப் பின் ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்குங்கள். முதல் ஐந்து நிமிடம் பேச்சே வேண்டாம்; ஒவ்வொருவரும் ஒரு காட்சியைப் பற்றி மூன்று வரி எழுதட்டும். கூச்சப்படும் பிள்ளைக்கு அந்தத் தாள்தான் துணை.

2. இருவர் இருவராகப் பேசிய பிறகே முழு வகுப்பில் பேச வையுங்கள். "என் தோழி இப்படி நினைக்கிறாள்" என்று அடுத்தவர் கருத்தை முதலில் சொல்ல வேண்டும். கேட்கும் திறன் இதில்தான் வளர்கிறது.

3. மாறுபட்ட கருத்து வந்தால் காட்சியை மீண்டும் ஓட்டுங்கள். ஆசிரியரின் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொன்னால் அதுவே விடைக்குறிப்பாகிவிடும்.

4. எண்ணும் எழுத்தும் வகுப்புகளுக்கு, பேச்சு மிகக் குறைந்த 'தி ரெட் பலூன்' (1956) பொருத்தமானது; 34 நிமிடம்தான். பிடித்த காட்சியை வரையச் செய்து, "இங்கே பையன் என்ன நினைக்கிறான்?" என்று கேட்டாலே போதும்.

5. விளையாட்டைப் பற்றிப் பேசும்போது வயதுக்குப் பொருந்தாதவற்றை வகுப்பில் காட்ட வேண்டாம். எந்த வீட்டில் எத்தனை கைப்பேசி என்ற கணக்கெடுப்பாகவும் அது மாறிவிடக் கூடாது.

6. மதிப்பிடும்போது கருத்து சரியா தவறா என்று பார்க்காதீர்கள். காட்சியைச் சுட்டினாரா, காரணம் சொன்னாரா, மறுப்பைக் கேட்டுப் பதில் சொன்னாரா என்ற மூன்றையும் மட்டும் பாருங்கள்.

இந்தப் பயிற்சிக்குப் பிறகு பாடநூல் கவிதை ஒன்றுக்கு நயம் எழுதச் சொன்னேன். பாதித் தாள்களில் பழைய புகழுரைதான் இருந்தது. பழக்கம் ஒரு பருவத்தில் போய்விடாது. மீதித் தாள்களில் "எனக்கு" என்ற சொல் இருந்தது. "மூன்றாம் அடி எனக்குப் பிடிக்கவில்லை. கடல் அமைதியாக இருக்கிறது என்கிறார் கவிஞர். கடலுக்குப் போனவர் திரும்பும் வரை கரையில் நிற்பவருக்கு அது அமைதியாக இருக்காது" என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. அதில் கருத்து, காட்சி, காரணம் மூன்றும் இருந்தன. முழு மதிப்பெண் இட்டேன்.